மூன்று இழுப்பு

மாப்ளே,

நேற்று சாயங்காலம் கொண்டல் காற்று திரும்பியது. வீட்டுக்குள் வந்து பார்த்தால், ஆணியில் தொங்குகிற அந்தக் கடற்பாசித் துண்டு இளகிக் கிடக்கிறது. வெயில் நாளில் அது செருப்புத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், தானாகவே வளைந்து, மேலெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, வாசம் விடத் தொடங்கிவிடும். நம் கடலின் வாசம் இல்லை அது. அது குளிர்ந்த வாசம். மூக்குக்குப் போவதற்கு முன்னால் முதுகுக்குப் போகிற வாசம்.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அதைத் தூக்கி எறிஞ்சாதான் என்னண்ணே?" என்றாள். எறிகிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதே ஆணியில் மாட்டினேன்.

எனக்கு எழுதத் தெரியாது. உனக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் உன் மகனை உட்கார வைத்திருக்கிறேன். கப்பலிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறான். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான். "நீங்க பேசுத மாதிரியே எழுதவா மாமா?" என்று கேட்டான். "உங்கப்பனுக்குப் போற கடுதாசி, அச்சுல வார மாதிரி மரியாதையா எழுதுலே" என்றேன். சிரித்தான். சிரிக்கும்போது உன் பல் வரிசை அப்படியே இருக்கிறது.

உனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனாலும் அவனுக்காகச் சில விஷயங்களை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை, மேலே தோணியில் நின்று பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். அதாவது அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்துப் பிடிக்கிற கை கயிற்றை நழுவவிடாது என்று பெரியவர்கள் வைத்த வழக்கம். முத்துக்கு நம் அப்பன்மார் இறங்கினார்கள். நாம் சங்குக்கு. தங்கச்சியை உனக்குக் கொடுத்த வாரத்திலேயே உன் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கயிற்றில் ஒரு இழுப்பு வந்தால் தளர்த்து என்று அர்த்தம். இரண்டு வந்தால் தூக்கு. அவ்வளவுதான் பேச்சு. மூன்று என்று ஒன்று கிடையாது.

கிடையாது என்று தெரிந்துகொண்டே ஒருநாள் நீ மூன்று முறை இழுத்தாய். என் உயிர் போய்விட்டது. இரண்டு கையாலும் வாரி இழுத்து உன்னை மேலே கொண்டுவந்தால், தோணி விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறாய்.

"மூணுன்னா டீ கொண்டாலேன்னு அர்த்தம் மச்சான்."

ஓங்கி அறைந்தேன். "கயித்துல விளையாடுவியால நீ?"

தோணிக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மச்சானும் மாப்ளயும் கரைக்குப் போய் அடிச்சுக்கிடுங்க. இங்கன தோணி ஆடுது" என்றார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இறங்கினாய், ஒருநாளும் மூன்று இழுத்ததில்லை. அதைத்தான் உன் மகன் முதலில் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதியாயிற்று.

அவன் அந்தப் பெரிய பயணிகள் கப்பலின் குசினியில் சமையல் வேலைக்குச் சேர்ந்து, வீட்டு ஆட்களைக் கூட்டிப் போகலாம் என்று சலுகை கிடைத்தபோது, அப்பனையும் ஆத்தாளையும்தான் கூப்பிட்டான். தங்கச்சி வரமாட்டேன் என்றுவிட்டாள். "ஐஸ் பெட்டிக்குள்ள போய் உக்காந்துட்டு வரவா? அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி என்னைத் தள்ளிவிட்டாள். புறப்படுகிற அன்று நீ ஆட்டோவில் ஏறிய பிறகு என் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "அண்ணே, இவியளைக் கொண்டுட்டு வந்துரணும். கயிறு உன் கையில" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. உனக்கு அப்போதே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

கப்பல் போனது ஜப்பானின் வடக்குத் தீவுக்கு. அங்கே கோடையே நம் மார்கழியைவிடக் குளிர். கப்பல் ஒரு துறையில் நின்றால் பாதிப் பேர் கொடி பிடித்த ஒரு பெண்ணுக்குப் பின்னால் வரிசையாகப் பேருந்தில் ஏறுவார்கள். உனக்கு அது பிடிக்கவில்லை. "மாதா சப்பரத்துக்குப் பின்னால போவேன். இந்தப் பிள்ளைக்குப் பின்னால எதுக்குலே போகணும்?" என்றாய். நாம் தனியாகவே போனோம். உன் மகன் தலையில் அடித்துக்கொண்டான். "அப்பா, கூட்டத்தோட போனா கப்பல் காத்திருக்கும். தனியா போனா காத்திருக்காது. மாமா, கேட்டியளா? நேரம் ஆச்சுன்னா விட்டுட்டுப் போயிருவான்." துறைமுகத்தின் பெயரை அந்த ஊர் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தான். திரும்பி வரும்போது யாரிடமாவது காட்டினால் போதும்.

நீ பார்க்க விரும்பியது கோயிலையும் இல்லை, கடையையும் இல்லை. தண்ணீரை. ஒவ்வொரு துறையிலும் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும் உனக்கு. முதல் துறையில் படகுகளுக்கு நடுவே குனிந்து வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மி. டீசல் ஜாஸ்தி" என்று துப்பினாய். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா நம்மைவிட்டு நாலு அடி தள்ளிப் போனாள்.

இரண்டாவது துறை குஷிரோ. பெயர் மறக்கவில்லை எனக்கு. எங்கே பார்த்தாலும் சிமென்ட் சுவர், தண்ணீருக்கு இறங்க வழியில்லை. "கரை இல்லாத ஊராலே இது?" என்று நீ முணுமுணுத்துக்கொண்டே, கடலோரமாகப் போகிற ஒரு பேருந்தில் ஏறிவிட்டாய். நானும் ஏறினேன். நல்ல வெயில். பேருந்தில் நம்மைத் தவிரப் பள்ளிக்கூடப் பை வைத்த ஒரு பெண்ணும், தூங்குகிற ஒரு கிழவரும். கல்லுக் கடற்கரை ஒன்று தெரிந்ததும் மணியை அழுத்தினாய்.

இறங்கிப் பேருந்து போன பிறகுதான் கவனித்தேன். கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் நின்றது. அது நம்மைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. சிகரெட் பற்ற வைக்கிற நேரத்துக்குள் வெயில் போய்விட்டது, சாலை போய்விட்டது, உன் கால் போய்விட்டது. முகம் மட்டும் தெரிந்தது.

கரை முழுக்கக் கூழாங்கல். கல்லின் மேல் கறுப்பாக நீளநீளமாக ஏதோ வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஆள் நீளம். நான் நின்றுவிட்டேன். நீ குனிந்து தொட்டு, "பாசிலே. காயப் போட்டிருக்கான்" என்றாய். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. காலை வெயிலை நம்பி விரித்தது. பனிமூட்டம் இறங்கியதால் ஒரு வயசான அம்மா தனியாக அதை அவசரமாக வாரிக்கொண்டிருந்தார். தலையையும் முகத்தையும் துணியால் சுற்றியிருந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது. கருவாடு காயும்போது தூறல் விழுந்தால் நம் வீட்டுப் பெண்கள் படுகிற பாடு நமக்குத் தெரியாதா? கேட்காமலே நாமும் வாரி அவருடைய கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் போட்டோம். நீ பைக்குள் கையை விட்டு, நம் ஊரிலிருந்து கொண்டுபோன முந்திரி மக்ரூனில் இரண்டை எடுத்து அவர் கையில் வைத்தாய். துணியைக் கொஞ்சம் தூக்கி ஒன்றைக் கடித்தார். அப்போதும் வாயைப் பார்த்த ஞாபகம் இல்லை எனக்கு.

பிறகு நீ தண்ணீர்ப் பக்கம் கையைக் காட்டிவிட்டு நடந்தாய். அவர் சடாரென்று முன்னால் வந்து இரண்டு கையையும் குறுக்காக வைத்து ஆட்டினார். வேண்டாம் என்று. நீ கும்பிட்டுச் சிரித்தாய். "ஒரு கை தண்ணி ஆத்தா. அள்ளிட்டு வந்துருவேன்."

நான் விடவில்லை. நாம் கொண்டுபோன பெட்டியைக் கட்டியிருந்த நைலான் கயிறு, உன் மகன் கப்பலில் பார்த்து வெட்கப்பட்டானே, அதை நான் அவிழ்த்துச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை உன் இடுப்பில் கட்டினேன். "பவுசப் பாரு, கட்டைக்குப் போற வயசுல கயிறு கட்டுதான்" என்று சொன்னாய். ஆனால் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாய், பழைய மாதிரியே.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் பக்கத்தில் நான் நின்றேன். நீ நாலு அடி வைத்தாய். அதற்கு மேல் நீ இல்லை. கயிறு மட்டும் என் கையிலிருந்து புறப்பட்டு வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஒரு இழுப்பு வந்தது. தளர்த்தினேன். கல் உருளுகிற சத்தம். மறுபடி ஒன்று. தளர்த்தினேன். கயிறு தீரப்போகிறது என்று மீதியை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். பிறகு தொய்ந்தது. தண்ணீருக்குப் போய்விட்டாய், குனிகிறாய் என்று நினைத்தேன். எங்கேயோ தூரத்தில் ஒரு கப்பலின் சங்கு நீளமாக ஊதி நின்றது.

கயிறு மறுபடி போகத் தொடங்கியது. இந்தத் தடவை போன விதம் வேறு. நடக்கிறவனின் கயிறு துடித்துத் துடித்துப் போகும். இது சீராகப் போனது. கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி. கனமாக. இத்தனை வருஷம் பிடித்த கை, அது எந்தக் கனம் என்று என்னைக் கேட்காமலே கண்டுகொண்டது. ஆள் இறங்குகிற கனம்.

காலை ஊன்றிக்கொண்டேன். அப்போது வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏலே, செத்த மூதி, இந்த வயசுலயும் விளையாட்டா உனக்கு?" என்று வெள்ளையைப் பார்த்துக் கத்தினேன்.

"யார்கிட்டலே பேசுத?" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாய்.

திரும்பினேன். நீ நிற்கிறாய். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருக்கிறது. இடுப்பில் கயிறு இல்லை.

"கயிறு எட்டல மச்சான். அவுத்து மேட்டுல ஒரு கல்லுல கட்டிட்டுத் தண்ணிக்குப் போனேன். திரும்பினா கல்லும் தெரியல, நீயும் தெரியல. சுத்திக்கிட்டு வாரேன், நீ கத்துத."

என் கையைப் பார்த்தாய். கயிறு கம்பி மாதிரி முறுக்கேறி நிற்கிறது. நீயும் ஒரு கையை அதன் மேல் வைத்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன். கடலுக்கடியில் நீ என்னவெல்லாமோ பார்த்தவன். அந்த முகத்தை அதற்கு முன்னால் ஒருதடவைகூட நீ எனக்குக் காட்டியதில்லை.

"விடுலே."

"கனம் இருக்குல்லா. ஆள் கனம்."

"நான் இங்கனதான நிக்கேன். விடு."

"கனம் இருக்கிற கயித்தை எப்படில விட?"

அதுதான் என் கோளாறு. வேறு எவனாக இருந்தாலும் அந்தக் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியிருப்பான். எனக்குக் கை திறக்கவில்லை. கால் கல்லில் சறுக்கி, நான் ஒரு முழம், இரண்டு முழம் என்று முன்னால் போய்க்கொண்டிருந்தேன். நீ என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உன் பக்கம் திருப்பினாய்.

"உன் தங்கச்சி யாரைக் கொண்டுவரச் சொன்னா? என்னையா, அதையா? என்னையப் பிடி."

கையைத் திறந்தேன். சுற்றியிருந்த கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. முனை வெள்ளைக்குள் போனது. தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கும் என்று காத்திருந்தோம். கேட்கவே இல்லை.

அந்த அம்மா எப்போது வந்தார் என்று தெரியாது. என் கையை விரித்துப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஒரு ஈரப் பாசியைக் கிழித்து ரத்தத்தின் மேல் இறுக்கிச் சுற்றினார். பிறகு கடல் பக்கம் திரும்பி இடுப்புவரை குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். நம்மைச் சாலைவரை கொண்டுவந்து விட்டு, பேருந்து வருகிறவரைக்கும் நமக்கும் கடலுக்கும் நடுவே நின்றார்.

பேருந்தில் நீ என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான்தான் கேட்டேன்.

"தண்ணி எப்படி இருந்துச்சு?"

"நம்ம தண்ணிதான்."

"என்னலே சொல்லுத?"

"நம்ம சங்குப் பாருத் தண்ணி, நாம முங்குன இடத்துத் தண்ணி. அதே உப்பு, அதே கசப்பு. கண்ணை மூடிக்கிட்டா ஊருலதான் நிக்கேன்."

உன் மகன் தந்த அட்டையை எடுத்து ஓட்டுநரிடம் காட்டினேன்.

துறைமுகத்துக்கு வந்தபோது கப்பலின் ஏணிப் பாலத்தைத் தூக்க ஆள் நின்றார்கள். குசினி உடுப்போடு உன் மகன் கீழே நின்று காவல்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான். "எல்லாரும் ஏறியாச்சு. உங்க ரெண்டு பேரைத்தான் காணோம்" என்று சொல்லி அழுதேவிட்டான். என்னைக் கப்பல் டாக்டரிடம் அனுப்பினான். உன்னைக் கையைப் பிடித்து மேல் தளத்துக்குக் கூட்டிப் போனான். மருந்து போட்டவர் பாசியைக் குப்பைத் தொட்டியில் போடப் போனார். நான் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கப்பல் புறப்பட்டது எனக்குக் காலடியில் ஒரு நடுக்கமாகத்தான் தெரிந்தது.

உன்னைக் கொண்டுவந்து தங்கச்சியிடம் ஒப்படைத்தேன். அது என் வேலை, செய்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள் போனவனுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. தங்கச்சி காபி வாங்கக் கீழே போயிருந்தாள். உனக்கு மூக்கிலும் வாயிலும் குழாய், பேச்சு இல்லை. என் சுண்டுவிரலைப் பிடித்திருந்தாய். இரண்டு இழுப்பு வரும், எப்படியாவது தூக்கிவிடலாம் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அதே கனம் மாப்ளே. அந்தக் கரையில் என் கையில் இருந்த அதே கனம். பிறகு உன் கை தளர்ந்துவிட்டது.

தங்கச்சி வந்து கேட்டாள். "கடைசியா எதும் சொன்னாவளாண்ணே?"

இல்லை என்றேன். மூன்று என்று ஒரு பேச்சே கிடையாதே, என்னவென்று சொல்ல? ஆனால் அன்றிலிருந்து எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அந்த வெள்ளைக்குள் கயிற்றின் முனையில் இருந்தது நீதானோ? பின்னால் வந்து நின்ற உன் பேச்சைக் கேட்டு, முன்னால் தொங்கிய உன்னை நான் விட்டுவிட்டேனோ? கிறுக்குத்தனம் என்று தெரியும். ஆனாலும் பாசி இளகுகிற நாளில் அப்படித்தான் நினைப்பு போகிறது. உன் பெண்டாட்டியோ, "ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டாவளே" என்று இன்றைக்கும் சோற்றுத் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்துவிடுகிறாள்.

இந்த இடத்தில் உன் மகன் எழுதுவதை நிறுத்திவிட்டான். பேனாவை மூடினான். நான் திட்டப் போனேன்.

"மாமா, மூணா? நல்லாத் தெரியுமா?"

"கயிறு பிடிச்சவன்கிட்ட எண்ணிக்கையைக் கேக்கியால?"

"அன்னைக்குக் குஷிரோவுல நீங்க கப்பல் டாக்டர்கிட்ட இருந்திய. நானும் அப்பாவும் மேல நின்னோம். கப்பல் கரையை விட்டு நகரும்போது மூணு தடவை நீளமாச் சங்கு ஊதினான். ஏம்லே மூணுன்னு அப்பா கேட்டாவ. போயிட்டு வாரோம்னு ஊருக்குச் சொல்லுதான்ப்பா, கப்பல்ல அதுதான் வழக்கம்னு சொன்னேன். அப்பா சிரிச்சாவ. 'உங்க மாமனுக்கு இது தெரியாது. டீன்னு சொல்லி அடி வாங்கினேன்'னாவ."

வீட்டுக் குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. தங்கச்சி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியாது.

"எப்படி இழுத்தாவ? காட்டுண்ணே."

அவள் சுண்டுவிரலைப் பிடித்தேன். மெதுவாக ஒன்று, இரண்டு, மூன்று.

"இவ்வளவு மெதுவாவா?"

"இல்லளா. பலமா."

"அப்ப பலமா இழு."

இழுத்தேன். விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "சொல்லிட்டுத்தான் போயிருக்காவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது. சாப்பாட்டுக்குப் பிறகுதான் மறுபடி எழுத உட்கார்ந்தோம். ராத்திரிச் சோற்றை அவள் முழுசாகச் சாப்பிட்டாள் என்று உனக்குச் சொல்லிவைக்கிறேன்.

என் நெஞ்சிலும் பாதி இறங்கிவிட்டது. பாதிதான். அந்தக் கரையில் கயிறு இழுத்தபோது நம் கப்பல் அந்த மூன்று சங்கை இன்னும் ஊதவில்லையே மாப்ளே. உனக்கே அந்த அர்த்தம் தெரியாத நேரம் அது. அப்படியானால் அந்தக் கரையில் 'போயிட்டு வாரேன்' என்று சொன்னது யார்? யாரிடம்? உன் மகனிடம் கேட்டேன். அவன் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறான்.

கயிறு அறுத்த உள்ளங்கைக் கோடு ஆறிவிட்டது. ஆனால் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் இந்தக் கை தானாக மூடிக்கொள்கிறது. பாசியை எறியப் போவதில்லை என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். சரி இருக்கட்டும் என்றாள்.

இன்னொரு விஷயம். உன் கயிற்றைப் பிடிக்க என்னை வைத்தார்கள். என் கயிற்றைப் பிடிக்க யாரையும் வைக்கவில்லை. நான்தான் இறங்கினதே இல்லையே. இப்போது எனக்கும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அந்த நைலான் கயிற்றின் ஒரு முனை அந்தக் குளிர்ந்த தண்ணீரில் எங்கேயோ கிடக்கிறது. அது யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன் கையில் இருந்தால், விளையாட்டை விட்டுவிட்டு, காலை ஊன்றி நின்று பிடித்துக்கொள்.

நான் இரண்டு தடவை இழுப்பேன்.